ஆறு படுக்கையா, இரண்டு படுக்கையா?

அத்தியாயம் 9

சிபில் எதைச் சொன்னாலும் அதில் பாதியைக் கழித்துவிட வேண்டும். மீதிப் பாதியைப் பக்கத்து வீட்டில் விசாரித்துக்கொள்ள வேண்டும். ஆனால் அந்தச் சனிக்கிழமை காலை அவள் சொன்னது கிட்டத்தட்ட உண்மை.

"இந்தத் தெருவுலயே கேரவன் இல்லாத வீடு உன் வீடு ஒண்ணுதான் டல்சி. அந்த ஃபோர்ச்சுன் வீட்டுல நாய்க்குக் கூட ஒண்ணு வெச்சிருக்காங்க."

கேரவன் என்பது வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகிற சக்கர வீடு. நாய்க்கு வைத்திருந்தது ஒரு மரப்பெட்டி. அதற்குச் சக்கரம் இருந்ததால் சிபில் அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

டல்சி வாணலியில் இறைச்சி உருண்டைகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். சிபில் அவளுடைய கணவர் பேசிலின் அக்கா. அடுத்த வீட்டுக்காரி. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு காலத்தில் வேலி இருந்தது. சிபில் வந்து போய் வந்து போய் அது தேய்ந்தே போய்விட்டது.

"யாருக்கு இத்தனை உருண்டை?"

"வழிக்குத்தான் அண்ணி. சாரோன் வரைக்கும் போயிட்டு வர்றோம்."

"சாரோனுக்கா? முக்கால் மணி நேர வழி. அதுக்கு ஒரு கட்டுச்சோறா?"

கேட்டாளே தவிர, அவளுக்கே தெரியும். கேப் டவுனுக்குப் பக்கத்திலுள்ள இந்த வெலிங்டன் ஊர்க்காரர்கள் எல்லைக் கல்லைத் தாண்டினால் போதும், நாலு நாள் பட்டினி கிடந்தவர்கள் மாதிரி ஆகிவிடுவார்கள். சூடான உருண்டை ஒன்றை வாயில் போட்டு ஊதிக்கொண்டே சிபில் அடுத்த கேள்விக்கு வந்தாள்.

"சாரோன்ல என்ன?"

"சும்மா. ஒரு கேரவன் பாக்க."

சிபிலின் வாய் அசைவது நின்றது. அது சாதாரணமாக நடக்கிற விஷயம் இல்லை.

"இன்னொரு கேரவனா? அதான் போன வாரம் பார்த்தாச்சே! எனக்குக் கீழ்க்கட்டில்னு முடிவே ஆயிடுச்சே!"

ஆமாம், ஆகியிருந்தது. போன டிசம்பரில் லாம்பர்ட்ஸ் பே கடற்கரையில் ஒரு காற்று அடித்தது. பேசிலின் ஜெப்தா குடும்பத்துக் கூடாரத்தை அப்படியே பிடுங்கிக்கொண்டு போயிற்று. கம்பளம், குளிர்ப்பெட்டி, தொலைக்காட்சி, சிபிலின் கண்ணாடி அலமாரி எல்லாம் வைத்த இடத்திலேயே நின்றன. வீட்டை மட்டும் காணோம். பேசில் சொல்லும் கணக்குப்படி அந்தக் கூடாரத்தில் இப்போது பிரேசில்காரன் ஒருவன் பெண்டாட்டி பிள்ளைகளோடு குடித்தனம் செய்கிறான்.

அதனால்தான் கேரவன் பேச்சே எழுந்தது. பேசில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த தொகை ஒரு கேரவனுக்குத்தான் காணும். போன வாரம் குடும்பமே பார்ல் ஊரில் ஒரு கடைக்குப் படையெடுத்தது. அங்கே நின்றது ஒரு புத்தம்புதுசு. மலிவு ரகம்தான், ஆனால் வெள்ளை வெளேர் என்று கண்ணைப் பறித்தது. மெத்தையெல்லாம் பிளாஸ்டிக் உறை. பேசில் தர்பூசணியைத் தட்டிப் பார்ப்பதுபோல ஒவ்வொரு படுக்கையையும் தட்டிப் பார்த்தார். அலமாரிக் கதவை டல்சி லேசாகத்தான் தொட்டாள். அது கையோடு வந்துவிட்டது. "காட்சிக்கு வெச்சதும்மா, நீங்க வாங்கறது வேற" என்று கடைக்காரப் பையன் அதை வாங்கி முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

மகள் லோர்னா அங்கேயே நின்று படுக்கைகளைப் பங்கு போட்டுவிட்டாள். பின்னால் பெரிய கட்டில் அவளுக்கும் மாப்பிள்ளை கிளைடுக்கும். அடுக்குக் கட்டிலில் மேலே பேத்தி, கீழே சிபில் அத்தை.

"அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இந்த மேசை. மடிச்சா படுக்கை ஆயிடும். அம்மாவுக்குத்தான் சௌகரியம். காலையில எழுந்து கையை நீட்டினா அடுப்பு."

மேசை படுக்கையாக வேண்டுமென்றால், எல்லோரும் தின்று, சீட்டாடி, எழுந்து போக வேண்டும். படுக்கை மறுபடி மேசையாக வேண்டுமென்றால், எல்லோருக்கும் முன்னால் டல்சி எழ வேண்டும். இதை அவள் சொல்லவில்லை. நல்லாயிருக்கு என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் தேநீர் குடிக்கும்போது ஒரு சேதி காதில் விழுந்தது. சாரோனில் அடோனிஸ் டீச்சர் தன் கேரவனை விற்கிறாராம். பழசு, ஆனால் அந்தக் காலத்தில் பணக்காரர்கள் மட்டுமே வாங்கிய உயர்ந்த ரகம். விலை இங்கேயும் அங்கேயும் ஒன்றேதான். "சும்மா பாத்துட்டு வருவோமே" என்று டல்சி கேட்டாள். அவள் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவள். அந்த ஆச்சரியத்திலேயே பேசில் சரி என்றுவிட்டார்.

வண்டியின் ஹாரன் கேட்டது.

"அக்கா, உருண்டை மிச்சம் வெச்சியா?" என்று வாசலிலிருந்து பேசில் கத்தினார்.

"ஒண்ணு தின்னேன்டா!" என்றாள் சிபில். ஐந்து தின்றிருந்தாள்.



பேசில் எதை ஓட்டினாலும் பஸ் மாதிரிதான் ஓட்டுவார். சின்னப் பிக்கப் வண்டி அது. ஆனாலும் பஸ் நிறுத்தம் கண்ணில் பட்டால் கால் தானாகப் பிரேக்குக்குப் போகும். நிற்பவர்களைப் பார்த்து வருத்தத்தோடு தலையசைத்துவிட்டுப் போவார். அவர் பஸ் ஓட்டிய காலத்தில் பேன்ஸ்க்ளூஃப் மலைப்பாதையின் வளைவுகள் அவரைக் கண்டதும் தாமாகவே நேராகிக்கொள்ளும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. பேச்சைக் கிளப்பியவர் பேசில்தான்.

கோதுமை வயல்கள் இரண்டு பக்கமும் ஓடின. டல்சி ஜன்னலோரம் உட்கார்ந்து வடக்கே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு வடக்கே ஒரு சந்திப்பு இருந்தது.

ஒவ்வொரு டிசம்பரிலும், கூடாரமும் குளிர்ப்பெட்டியும் சிபிலும் ஏறிய வண்டி கிளான்வில்லியம் சந்திப்புக்கு வரும். அங்கே பச்சைப் பலகை ஒன்று நிற்கும். இடது பக்கம் லாம்பர்ட்ஸ் பே. வலது பக்கம் கால்வினியா. பேசில் இடது விளக்கைப் போடுவார். டிக், டிக், டிக். அந்த டிக் டிக் ஓடுகிற நேரம் மட்டும் டல்சி வலது பக்கம் பார்த்துக்கொள்வாள். தார் போட்ட சாலை மலைக்குள் ஏறிப் போகும். அதற்கப்புறம் முழுக்க மண் சாலைதான் என்று கேள்வி. பிறகு வண்டி இடது பக்கம் திரும்பிவிடும். கடல் வரும். கடலை டல்சி பார்ப்பதெல்லாம் பாத்திரம் கழுவும்போது, மற்றவர்களின் தலைகளுக்கு மேலாகத்தான்.

கால்வினியாவில் என்ன இருக்கிறது? ஆடு இருக்கிறது. கல் இருக்கிறது. வேறொன்றும் இல்லை.

ஆனால் உலர்பழத் தொழிற்சாலையில் அவள் வேலை பார்த்தபோது, பக்கத்தில் நின்று பீச் பழம் பொறுக்கிய ரேச்சல் அந்த ஊர்க்காரி. மெஷின் போடும் சத்தத்தில் அவள் டல்சியின் காதுக்குள் கத்திச் சொன்னது இன்னும் காதிலேயே இருக்கிறது.

"எங்க ஊர்ப் பக்கம் சாயந்தரம் வண்டியை நிறுத்தி இஞ்சினை அணைச்சுப் பாரு. அவ்ளோ அமைதியா இருக்கும். நீ கண் சிமிட்டற சத்தம் உனக்கே கேக்கும்!"

டல்சி பிறந்த வீட்டில் ஒன்பது பேர். தொழிற்சாலையில் மெஷின். கட்டிக்கொண்ட இடத்தில் ஒரு பஸ் டிரைவரும் ஒரு சிபிலும். கண் சிமிட்டும் சத்தம் வேண்டாம், கொட்டாவி விடும் சத்தம்கூட அவளுக்குக் கேட்டதில்லை. அவள் பொறுக்கிக் கட்டிய பழங்கள் கப்பலேறி உலகமெல்லாம் போய்விட்டன. அவள் மட்டும் இடது பக்கமே போய்க்கொண்டிருந்தாள்.

"உருண்டை குடு" என்றார் பேசில்.

ஊர் எல்லைக் கல்லைத் தாண்டி இன்னும் ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.



அடோனிஸ் டீச்சர் வாசலிலேயே நின்றிருந்தார். ஒல்லி உடம்பு. முதுகு மட்டும் அடிக்கோல் மாதிரி நேர். பேசிலை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ அந்தப் பேசில்தானே? என் வீட்டுக்காரர்கிட்டப் படிச்சவன்?"

"ஆமா டீச்சர்." தலை நரைத்த பேசில் சட்டென்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"உனக்குக் கணக்கே வராது, ஆனா வழியை மறக்க மாட்டேன்னு சொல்லுவார்."

"சாரோட பிரம்பையும் மறக்கலை டீச்சர்."

அந்த அம்மாள் சிரித்தார். அவர் கணவர், அந்தத் தலைமையாசிரியர், இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. டீச்சர் கேப் டவுனில் மகளோடு போய் இருக்கப்போகிறார். அடுக்குமாடி வீடு. அங்கே கேரவனை நிறுத்த வேண்டுமானால் மாடிப்படியில்தான் ஏற்ற வேண்டும்.

வீட்டின் பக்கவாட்டில் ஒரு சந்து. சந்தின் கடைசியில் ஒரு கொட்டகை. கொட்டகைக்குள் போர்வை போர்த்திக்கொண்டு அது நின்றது. டீச்சர் போர்வையை இழுத்தார்.

வெள்ளையும் இல்லை, பளபளப்பும் இல்லை. காய்ந்த புல்லின் நிறம். சக்கரங்கள் உயரமாக, அகலமாக, எந்தக் கல்லையும் மதிக்காத மாதிரி இருந்தன. அடியில் இரும்பு. டல்சி உள்ளே ஏறினாள். அலமாரிகள் நிஜ மரத்தில் இருந்தன. ஒரு கதவைத் திறந்து மூடினாள். தக் என்று கனத்த சத்தம், நல்ல வீட்டுக் கதவு போல. கதவு கையோடு வரவில்லை. மடிக்கிற மேசை கிடையாது. ஒரே ஒரு கட்டில், இரண்டு பேருக்கு. தலைமாட்டுக்கு மேலே ஒரு ஜன்னல். படுத்தால் வானம் தெரியும்.

இரண்டு பேர். அதற்கு மேல் ஒரு பூனைக்குக்கூட இடமில்லை.

டல்சி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள்.

"இது எங்கெல்லாம் போயிருக்கு டீச்சர்?" என்று வெளியிலிருந்து பேசில் கேட்டது காதில் விழுந்தது.

"எங்கேயும்தான். கால்வினியாவுக்கே எத்தனையோ தடவை. அந்தக் கதவு ரப்பர்ல பாரு, சிவப்பா. அந்த வழியில இருக்கற போட்டர்க்ளூஃப் கணவாய் மண்ணு. எத்தனை கழுவினாலும் போகாது."

டல்சியின் விரல் தானாகக் கதவோரத்துக்குப் போனது. ரப்பர் இடுக்கில் ஓட்டினாள். விரல் நுனியில் செம்மண், குங்குமம்போல ஒட்டிக்கொண்டு வந்தது. பார்த்துக்கொண்டே இருந்தாள். துடைக்கவில்லை.

"வாங்கறதுக்கு ஒரு நிபந்தனை இருக்கு" என்றார் டீச்சர். "இதை வெளியில இழுத்துட்டு, மறுபடி பின்னாலயே எடுத்து இந்தக் கொட்டகையில வெக்கணும். ரெண்டு பேரும் சேர்ந்து."

"எதுக்கு டீச்சர்?"

"கேரவன் வாங்கிட்டுப் போய் முதல் முகாம்லயே சண்டை போட்டு, ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்காம திரும்பி வந்தவங்க நிறையப் பேர். இது மறுபடியும் விலைக்கு வந்து நான் பாக்கக் கூடாது. நீ டிரைவராச்சே, உனக்கென்ன?"

பேசில் பெருமையாகத் தோளைக் குலுக்கினார். "ரெண்டு நிமிஷம் டீச்சர். காபித் தண்ணியைக் கொதிக்க விடுங்க."

டீச்சர் டல்சியின் கையில் இரண்டு மேசைப் பந்து மட்டைகளைக் கொடுத்தார். இரண்டுக்கும் ஆரஞ்சு வண்ணம் அடித்திருந்தது.

"நான் பின்னால நின்னு காட்டுவேன். என் வீட்டுக்காரர் கண்ணாடியில பார்த்து ஓட்டுவார். ரெண்டையும் தூக்கினா வா. குறுக்கே வெச்சா நில்லு. முன்னால தள்ளினா போ. ஒண்ணை மட்டும் நீட்டினா அந்தப் பக்கம். அவருக்கு லத்தீன் தெரியும், வானசாஸ்திரம் தெரியும். பின்னால எடுக்கறதுல மட்டும் கழுதை."



கேரவனைப் பின்னால் எடுப்பது எந்த முகாமிலும் பெரிய வேடிக்கை. புதிதாக வருபவன் வண்டியைத் திருப்பினால் போதும், சமைத்துக்கொண்டிருப்பவர்கள் அடுப்பைக்கூட அணைத்துவிட்டு நாற்காலியோடு வந்துவிடுவார்கள். சாரோன் முகாம் இல்லை. ஆனாலும் சனிக்கிழமை காலையில் அந்த ஊரில் வேறு நிகழ்ச்சி இல்லாததால், கேரவன் சந்திலிருந்து வெளியே வந்ததுமே இரண்டு பக்க வீடுகளிலிருந்தும் நாற்காலிகள் முளைத்தன. ஒருவர் குடையோடு வந்து உட்கார்ந்தார். ஒரு பெண் கைக்குழந்தையைக் கொண்டுவந்தாள், அதுவும் கற்றுக்கொள்ளட்டும் என்று.

பேசில் ஸ்டீயரிங்கைப் பிடித்தார். வலது பக்கம் ஒடித்தார். பஸ்ஸாக இருந்தால் வலது பக்கம் போயிருக்கும். கேரவன் நிதானமாக இடது பக்கம் திரும்பி, பக்கத்து வீட்டு அத்திமரத்தை நலம் விசாரிக்கப் போனது.

"அண்ணே, மரத்தை விடுங்க! அது உங்களைவிட மூத்தது!" என்றது ஒரு நாற்காலி.

பேசில் முன்னால் எடுத்தார். மறுபடி வந்தார். இந்தத் தடவை டீச்சரின் சுவரை நோக்கி. மறுபடி முன்னால். மறுபடி அத்திமரம். அந்த ஊர்க்காரர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள், அன்றைக்குப் பேசில் ஓட்டிய தூரத்தை நீட்டினால் ஜோகானஸ்பர்க் வந்திருக்கும் என்று.

"எந்தப் பக்கம்தான் காட்டறே?" ஜன்னலிலிருந்து தலை வெளியே வந்தது.

"நான் காட்டற பக்கம் வாங்க!"

"ரெண்டு கையையும் போட்டு ஆட்டறே! மாவு பிசையற மாதிரி இருக்கு!"

"உங்களுக்கு மாவு பிசைஞ்சு பிசைஞ்சுதான் இப்படி ஆச்சு, டிரைவரே!"

நாற்காலிகள் கை தட்டின. டல்சியின் முகம் சிவந்தது. மட்டைகளைக் கீழே போட்டுவிடலாமா என்றிருந்தது. புதுசே போதும். மேசைப் படுக்கையே போதும்.

அப்போது விரல் நுனியில் இருந்த செம்மண்ணைப் பார்த்தாள். வியர்வையில் அது மட்டையின் கைப்பிடியில் லேசாக ஒட்டியிருந்தது.

"அவருக்கு நான் காட்டறது தெரியுதா?" என்று டீச்சரிடம் கேட்டாள்.

"நீ கேரவனைப் பாத்துட்டிருக்கே. அது உன்னைப் பாக்காது."

டல்சி நிமிர்ந்தாள். பிக்கப்பின் வலது பக்கக் கண்ணாடியைப் பார்த்தாள். சின்னக் கண்ணாடி. அதற்குள் பேசிலின் இரண்டு கண்கள், பயந்துபோய், அங்குமிங்கும் அலைந்துகொண்டிருந்தன. அவள் கொஞ்சம் நகர்ந்து, அந்தக் கண்ணாடிக்குள் விழுகிற மாதிரி நின்றாள்.

கண்கள் அவளைக் கண்டுபிடித்தன. நின்றன.

எத்தனையோ வருடம் கண்ணாடியில் பார்த்தே பழகிய கண்கள் அவை. பஸ் நிறையப் பேர்: ஏறுபவர்கள், இறங்குபவர்கள், டிக்கெட் வாங்காதவர்கள், பின் இருக்கையில் முத்தம் கொடுத்துக்கொண்டவர்கள். வீட்டுக்கு வந்த பிறகு அந்தக் கண்களில் யாரையும் பார்க்கத் தெம்பு இருந்ததில்லை. இப்போது அந்தக் கண்ணாடியில் ஒரே ஒருத்தி. கையில் ஆரஞ்சு மட்டையோடு.

டல்சி இரண்டு மட்டைகளையும் தூக்கினாள். மெல்ல வந்தார். இடது மட்டையை நீட்டினாள். அவர் யோசிக்கவில்லை, ஸ்டீயரிங்கோடு வாதாடவில்லை. அவள் கை போன பக்கம் கேரவனின் பின்புறம் போனது. அவள் ஓரடி பின்னால் வைத்தாள், அவர் ஓரடி பின்னால் வந்தார். அத்திமரம் தாண்டியது. சுவர் தாண்டியது. நாற்காலிகள் வாயை மூடின. கேரவன் கொட்டகைக்குள் நுழைந்து, தன் பழைய இடத்தில் வந்து நின்றது.

மட்டைகளைக் குறுக்கே வைத்தாள்.

வெளியே கைதட்டல் மலையில் மோதித் திரும்பிவந்தது. டல்சிக்கு அது காதில் ஏறவில்லை. பேசில் இன்னும் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல் இருந்தார்.



காபி ஆகியிருந்தது. டல்சி ஒரு விரலை மட்டும் விலக்கிக் கோப்பையைப் பிடித்துக் குடித்தாள்.

"விரலுக்கு என்னாச்சு?" என்றார் பேசில்.

"ஒண்ணுமில்ல."

கிளம்பும்போது டீச்சர் மட்டைகளைத் திருப்பி வாங்கவில்லை. "சனிக்கிழமை வரைக்கும் வேற யாருக்கும் காட்ட மாட்டேன். வேணும்னா வந்து இழுத்துட்டுப் போங்க. வேண்டாம்னா மட்டையை மட்டும் அனுப்பிடு, டல்சி. அது இல்லாம யாருக்கும் விக்க முடியாது."

கொட்டகைக் கதவைச் சாத்துவதற்கு முன் ஒருமுறை உள்ளே போனார். என்ன செய்தாரோ, வெளியே வர நேரமாயிற்று. வந்தபோது தலைமையாசிரியரின் பழைய தொப்பி ஒன்றை மார்போடு அணைத்திருந்தார்.

திரும்பும் வழியில் பேசில் சீட்டியடித்தார். பஸ் நிறுத்தம் ஒன்றைக்கூடக் கவனிக்கவில்லை.

"உனக்கு எது பிடிச்சிருக்கு?" என்று திடீரென்று கேட்டார்.

"உங்க இஷ்டம்" என்றாள் டல்சி. அவள் வாய்க்கு வேறு பதில் தெரியாது. கல்யாண கவுன் எடுத்தபோதும் அதே பதில்தான்.

"எனக்கு எதுவானாலும் சரி. ஆனா உனக்குப் பேத்தி பக்கத்துல இருந்தாத்தானே தூக்கம் வரும்? அதனால புதுசுதான் உனக்குச் சரின்னு நெனைச்சேன்."

அவளுக்காகவா? அவருக்குத்தான் பிளாஸ்டிக் உறை மேல் ஆசை என்றல்லவா அவள் நினைத்திருந்தாள்! டல்சி அவர் பக்கம் திரும்பினாள். வாயைத் திறந்தாள். கால்வினியா என்று சொல்லத்தான் திறந்தாள்.

போன் அடித்தது. லோர்னா.

"அம்மா! எங்கே இருக்கீங்க? சீக்கிரம் வாங்க! ஒரு ஆச்சரியம் வெச்சிருக்கோம்!"



தெரு முனையில் திரும்பும்போதே ஆச்சரியம் தெரிந்தது. மறைக்கிற அளவில் இல்லை அது. வெள்ளை வெளேர் என்று, சிவப்பு ரிப்பன் கட்டிக்கொண்டு, புதுக் கேரவன் ஜெப்தா வீட்டு வாசலில் குறுக்கே மாட்டிக்கொண்டு நின்றது. பாதி வீட்டுக்குள், பாதி தெருவில். அதை இழுத்து வந்த வண்டியில் மாப்பிள்ளை கிளைட் வியர்த்து வழிந்தான். ஃபோர்ச்சுன் வீட்டு நாற்காலிகள் எல்லாம் தெருவுக்கு வந்திருந்தன. நாய்கூடத் தன் மரப்பெட்டி மேல் ஏறி நின்று பார்த்தது.

"கடைக்காரர் கிளைடுக்குத் தெரிஞ்சவர்மா!" லோர்னா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "ரெண்டு நாள் வெச்சுப் பாருங்கன்னு குடுத்தாரு. பிடிக்கலேன்னா திங்கக்கிழமை திருப்பிடலாம். பிடிக்காம போகுமா? சிபில் அத்தை அப்பவே உள்ளே போய்க் கீழ்க்கட்டில்ல படுத்துட்டாங்க. குறட்டையே வந்தாச்சு!"

உண்மைதான். பிளாஸ்டிக் உறை குறட்டைக்கு ஏற்றபடி சரசரத்தது வெளியிலேயே கேட்டது.

"மாமா, நீங்களே எடுங்க" என்று கிளைட் இறங்கிவிட்டான். "நான் எந்தப் பக்கம் ஒடிச்சாலும் இது வேற பக்கம் போகுது."

"அது அப்படித்தான் மாப்ளே." அன்று காலைதான் கற்ற பாடத்தைப் பேசில் பரம்பரைச் சொத்துபோலச் சொன்னார். ஏறி உட்கார்ந்தார். கண்ணாடியைச் சரி செய்தார். ஜன்னல் வழியே தலையை நீட்டி, லோர்னாவையோ கிளைடையோ பார்க்காமல், "டல்சி! பின்னால வந்து நில்லு!" என்றார்.

டல்சி கைப்பையைத் திறந்தாள். ஆரஞ்சு மட்டைகளை எடுத்தாள்.

"இது என்னம்மா?" லோர்னா சிரித்தாள். "விமானமா இறங்கப் போகுது?"

டல்சி வாசலுக்குள் போய்த் திரும்பி நின்றாள். அவள் முதுகுக்குப் பின்னால் முற்றம் காத்திருந்தது. டிசம்பர் காத்திருந்தது. மேசை காத்திருந்தது. கண்ணாடியைப் பார்த்தாள். இரண்டு கண்கள். அவளைத் தேடி, கண்டுபிடித்து, நின்றன.

மட்டைகளைத் தூக்கினால் வந்துவிடுவார்.

டல்சி மட்டைகளை முன்னால் தள்ளினாள்.

பேசில் முன்னால் எடுத்தார். நேராக்கிக்கொண்டு வரப்போகிறார் என்று தெருவே நினைத்தது. டல்சி மறுபடி தள்ளினாள். இன்னும் கொஞ்சம் போனார். மறுபடி தள்ளினாள். ரிப்பன் படபடக்க, குறட்டை சரசரக்க, கேரவன் வாசலை விட்டது, வீட்டை விட்டது, ஃபோர்ச்சுன் நாற்காலிகளை விட்டது. தெரு முனையில் போய் நின்றது. பிரேக் விளக்கு சிவப்பாக எரிந்தது.

அந்த முனையில் இடது பக்கம் திரும்பினால் சுற்றிக்கொண்டு வீட்டுக்கே வரலாம். வலது பக்கம் பெரிய சாலை. கடைக்காரன் இருக்கும் பக்கம்.

"அம்மா, என்ன பண்றீங்க? அப்பாவைக் கூப்பிடுங்க!"

"லோர்னா" என்றாள் டல்சி. "எனக்கு ரெண்டு பேர் படுக்கிற கேரவன்தான் வேணும். நானும் உங்கப்பாவும் மட்டும். நான் கால்வினியா போகணும்."

லோர்னாவின் சிரிப்பு முகத்திலேயே தங்கிவிட்டது, எங்கே இறங்குவது என்று தெரியாமல். கிளைட் தரையைப் பார்த்தான். ஃபோர்ச்சுன் வீட்டுக்காரர் வாயருகே கொண்டுபோன கோப்பை அங்கேயே நின்றது. நாய் குரைக்க மறந்தது. அந்தத் தெரு உண்டான நாளிலிருந்து அப்படி ஒரு அமைதி அங்கே வந்ததில்லை.

டல்சி கண் சிமிட்டினாள்.

கேட்டது. சத்தியமாகக் கேட்டது.

அவள் வலது மட்டையை மட்டும் நீட்டினாள். தூரத்தில், அந்தச் சின்னக் கண்ணாடிக்குள், அவர் பார்த்துக்கொண்டிருக்கிறாரா? கை வலித்தது. இறக்கவில்லை. லோர்னா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவள் கண்ணில் நீர் கோத்திருந்ததை டல்சி பார்த்தாள். பார்த்தும் இறக்கவில்லை.

தெரு முனையில் வலது விளக்கு மினுக்க ஆரம்பித்தது.

அதே நேரம் கேரவனின் ஜன்னல் திறந்தது. சிபிலின் தலை வெளியே வந்தது. கன்னத்தில் பிளாஸ்டிக் உறையின் வரிகள். பிரேசில் வரைக்கும் கேட்கிற குரலில் கேட்டாள்:

"டேய் பேசில், லாம்பர்ட்ஸ் பே வந்துடுச்சா?"